கணக்கு நேராகட்டும் என்றவர்

செய்தி வந்தபோது மாலை நாலரை மணி. பலசரக்குக் கடையிலிருந்து வந்த அரிசிச் சாக்கை அப்போதுதான் பிரித்து, பூங்கனி உள்ளே கையை விட்டிருந்தாள். ஓணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஃபோனில் கூப்பிட்டது மரியஜான். மார்த்தாண்டத்தில் பூங்கனியின் கணவர் ரசலையன் நடத்திய சிப்ஸ் கடையில் வெகுகாலமாக ஏத்தன் வாழைக்காய் சீவுகிறவர்.

"அக்கா, அண்ணன் சட்டியில உப்புத்தண்ணி தெளிச்சிட்டு நின்னாரு. நெஞ்சைப் பிடிச்சிட்டு அப்பிடியே உக்காந்துட்டாரு. ஆட்டோவில தூக்கிப் போட்டுக் கொண்டுபோனோம்..."

"இப்பம் எப்பிடி இருக்காரு?"

மரியஜான் அழுவதுதான் கேட்டது.

ரசலையனைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது, யாருக்கும் பாக்கி வைக்காத மனுஷன் என்பதுதான். வண்டியிலிருந்து ஏத்தன் குலை இறங்கும்போதே குலைக்காரனுக்குப் பைசா போய்விடும். தேங்காயெண்ணெய்க்காரருக்கும் அப்படியே. ஆனால் அவரிடம் மொத்தமாகச் சிப்ஸ் வாங்கிப்போகிற கேரளக் கடைக்காரர்கள் ஓணம் முடிந்துதான் பணம் தருவார்கள். இடையில் வருகிற அந்த ஒரு மாதமும், வருடா வருடம் பூங்கனியின் வளையல்கள் அடகுக்கடையில்தான் கிடந்தன.

முற்றிப்போன ரப்பர் மரங்களை வெட்டி விற்றதில் வந்த நாலு லட்சத்தை, மகள் ஜினிஷாவின் நர்சிங் படிப்புக்கென்று இருவர் பேரிலும் வங்கியில் டெபாசிட் போட்டிருந்தார்கள். இந்த வருடம் ஆனியில், வளையலை மறுபடி அடகு வைக்க வேண்டாம் என்று வங்கி அதிகாரி சபிதாதான் வழி சொன்னாள். டெபாசிட்டை உடைக்காமல், அதை ஈடாகக் காட்டி மூன்று லட்சம் வரை ஓவர்டிராஃப்ட். ரசலையன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்குப் பாதிதான் பிடிபட்டிருந்தது.

"கணக்குல நம்ம பைசா ஒண்ணும் இல்லேன்னாலும் எடுக்கலாமாம். எடுத்தா மைனஸுன்னு காட்டுமாம். இது என்ன எழவு ஏற்பாடுட்டி?"

பூங்கனி அப்போது உலை வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கைப்பிடி அரிசி டப்பா. அவர்கள் சபையில் பெண்கள் சோறு பொங்குமுன் ஒரு பிடி அரிசியைத் தேவாலயத்துக்கென்று தனியே போட்டுவைப்பார்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

"இதுல என்ன வெளங்காம கெடக்கு? வீட்டுல அரிசி தீந்தா நான் இந்த டப்பாவுலேருந்து ரெண்டு பிடி எடுப்பேன். அரிசி வந்ததும் மூணு பிடியா திருப்பிப் போடுவேன். அந்த ஒரு பிடி வட்டி. டப்பாவுல இருவது பிடி கெடக்குன்னு இருவதுக்குமா வட்டி போடுவாங்க? எடுத்த ரெண்டுக்குத்தான். அம்புட்டுதான் ஓவர்டிராஃப்ட்."

ரசலையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏட்டி, கர்த்தருக்க அரிசியையா எடுத்துப் பொங்கின?"

"நீங்களும் சேந்துதான் தின்னீங்க. இன்னும் ஒரு தவி போடுன்னு கேட்டதும் நீங்கதான்."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் அன்றே ஒரு வரம்பு கட்டிக்கொண்டார். அந்தக் கணக்கிலிருந்து குலைக்கும் எண்ணெய்க்கும் மட்டும்தான் எடுப்பது. "அது நம்ம பைசா இல்லையாக்கும். குலைக்கு எடுத்தா குலை திருப்பித் தரும். நமக்குன்னு எடுத்தா யாரு தருவா?"

ஆடிக் கடைசியில் அவருக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர் ஈசிஜி பார்த்துவிட்டு, உடனே ஆஞ்சியோ எடுக்கச் சொன்னார். பதினெட்டாயிரம் ஆகும்.

"கணக்குல எடம் இருக்குல்லா, எடுங்க" என்றாள் பூங்கனி.

"மைனஸுல கெடக்குட்டி. இதுக்க மேலயும் எடுத்தா டெபாசிட்டைப் பிடிச்சிருவாங்க. ஜினிஷாவுக்க ஃபீசு என்னாவும்? கணக்கு நேராகட்டும். ஓணப் பைசா வந்த மறுநாளே போவோம்."

டெபாசிட்டைப் பிடிக்கமாட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. டப்பாவின் கதை வேறு, வங்கியின் கதை வேறாக இருந்துவிட்டால்? சபிதாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சீசன் நேரம். கேரளத்திலிருந்து ஆர்டர்மேல் ஆர்டர் வந்துகொண்டிருந்தது. வலியும் இரண்டு நாளில் நின்றுபோனது. கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம், தாயும் மகளும் வங்கிக்குப் போனார்கள். சபிதா எழுந்து வந்து பூங்கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டெபாசிட் அப்படியே இருக்கும்மா. அண்ணன் எடுத்தது ஒண்ணேகால் லட்சம்தான். கேரளக் கடைக்காரங்க பணம் போட்டதும் அதுவும் வட்டியும் அடைஞ்சிடுச்சு. முந்தாநாளே கணக்கு நேராயாச்சு."

அப்பா சொன்ன அதே சொல்லைக் கேட்டதும் ஜினிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மக்கா, ஒரு சந்தேகம்" என்றாள் பூங்கனி சபிதாவிடம். "மைனஸுல நிக்கும்பம் மேலயும் எடுக்கலாமா? ஆஸ்பத்திரிச் செலவுக்கு?"

"தாராளமா எடுக்கலாமே. மூணு லட்சம் ஆகிற வரைக்கும் எடுக்கலாம். எதுக்குன்னு நாங்க கேக்கவே மாட்டோம்."

"டெபாசிட்டைப் பிடிக்க மாட்டீங்களா?"

"மாட்டோம்மா. எடுத்த தொகைக்கு, எடுத்து வச்சிருக்கிற நாளைக்கு மட்டும் வட்டி. அவ்வளவுதான்."

"பதினெட்டாயிரத்துக்கு எவ்வளவு வரும்?"

சபிதா கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தாள். "மாசத்துக்கு நூத்திமுப்பது ரூபா வரும். ஏம்மா கேக்கறீங்க?"

அவர்கள் கடையில் கால் கிலோ சிப்ஸ் விற்கிற விலை அது.

பஸ்ஸில் ஜினிஷா அம்மாவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பூங்கனி வழியெல்லாம் வாழைத் தோட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். டப்பாவின் கதையும் வங்கியின் கதையும் ஒன்றுதான். தெரியாமலேயே சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து, மகளுக்குக் கஞ்சி வைக்க அடுக்களைக்குள் போனாள். சாக்கின் வாய் அன்று பிரித்தபடியே இருந்தது. இத்தனை நாளும் அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அவர் இறந்த அன்று காலையில் வீட்டில் அரிசி இல்லை. கடை திறக்க நேரமாச்சு என்று அவர் அவசரப்பட்டார். அவருக்குத் தெரியாமல் கைப்பிடி அரிசியிலிருந்து இரண்டு பிடி எடுத்துத்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் சாக்கு வந்ததும் முதல் வேலையாகத் திருப்பிப் போடப் போனபோதுதான் ஃபோன் அடித்தது.

டப்பாவில் போடவேண்டிய மூன்று பிடியை அவள் இன்னும் போடவில்லை.