நீலம் ஒட்டாத பஞ்சு

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் அலறுவதற்கு முன்பே அதை மிதித்துவிடுவாள். அதனால் எல்லாருக்கும் அவள் பிரேக் அக்கா. எதிரே வரும் லாரியைக் கையசைத்து நிறுத்திவிட்டு, பக்கத்தில் நடுங்குகிறவரிடம், "கிளட்ச்சை மெதுவா விடுங்க. லாரி ஒண்ணும் கடிக்காது" என்பாள்.

அவளிடம் கற்றவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. நினைவு தெரிந்த நாளிலிருந்தே அவளுக்குச் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எல்லாரையும்போல நேரத்துக்குக் கழிவறைக்கும் போவாள்; போய்விட்டு வந்த கையோடு உள்ளாடை நனையும். விளையாட்டு மும்முரத்தில் அடக்கிவைக்கிறாள் என்று சின்ன வயதில் அம்மா திட்டினாள். ஒரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார். மகள் பிறந்த பிறகு பார்த்த இன்னொருவர், "பிரசவத்துக்கு அப்புறம் இதெல்லாம் சகஜம்மா" என்றார்.

"பிரசவத்துக்கு முன்னாடியும் சகஜமாத்தான் டாக்டர் இருந்துச்சு" என்று இவள் சொன்னது அவர் காதில் விழவில்லை.

அவள் அதற்காக மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. கறுப்பு பேன்ட், கனமான பேடு, பையில் மாற்றுத் துணி, சீட்டின்மேல் ரெக்சின் விரிப்பு என்று பிழைக்க வழி செய்துகொண்டாள். கல்யாணத்துக்கு முன்பு, தன்னைப் பெண் பார்க்க வந்த பிளம்பரிடமும் முதல் சந்திப்பிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்திருந்தாள்.

"சரி. வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"இருக்கு. எனக்குக் கோபம் அதிகமா வரும்."

"அதையில்ல முதல்ல சொல்லியிருக்கணும்!"

ஒருநாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே குளிர் தூக்கிப்போட்டது. இடது விலாவுக்குக் கீழே கத்தி சொருகியதுபோல வலி. காரை ஓரங்கட்டச் சொல்லி, ஸ்டியரிங்கை இவள் வாங்கிக்கொண்டு, நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் நிறுத்தினாள். சிறுநீரகத்தில் சீழ் பிடித்திருந்தது. ஊசி மருந்தில் காய்ச்சல் இறங்கிய பிறகு, சிறுநீரகத் துறை டாக்டரம்மா வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருமினா, தும்மினா சொட்டுதா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். சும்மா இருந்தாலே சொட்டும். ஆனா பாத்ரூமும் ஒழுங்கா போறேன்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "ரெண்டும் சேர்ந்தா? பிறந்ததுலேருந்தா?"

மறுநாள் ஒரு சோதனை. குழாய் வழியாக மூத்திரப்பையில் நீலத் தண்ணீரை நிரப்பி, கீழே வெள்ளைப் பஞ்சை வைத்து, அவளை வராந்தாவில் நடக்கவிட்டார்கள். திரும்பி வந்து எடுத்தால் பஞ்சு நன்றாக நனைந்திருந்தது. ஆனால் நீலம் துளிகூட இல்லை.

"பை ஒழுகல. ஒழுகுறது பைக்கே வராத சிறுநீர்" என்றார் டாக்டரம்மா. காரணம் பிடிபட்ட மகிழ்ச்சியை அவரால் மறைக்க முடியவில்லை.

ஸ்கேனில் உறுதியானது. இடது சிறுநீரகத்திலிருந்து ஒரு குழாய் இறங்குவதற்குப் பதில் இரண்டு இறங்கின. ஒன்று பையில் சேர்ந்தது. மேல்பகுதியிலிருந்து வந்த மற்றது வழி தவறி, பையின் வாயையும் தாண்டிப் பிறப்புறுப்பில் திறந்திருந்தது. அடைத்து வைக்க அங்கே தசை ஏதும் இல்லை.

"அந்த மேல்பகுதியை வெட்டி எடுத்துடலாம். ஆனா அது நல்லா வேலை செய்யுது. அதனால தப்பான குழாயை நறுக்கி, பக்கத்துல இருக்கிற நல்ல குழாயோட தைச்சுடலாம்னு நினைக்கிறேன்."

"தையல் போட்ட இடத்துல லீக் ஆகாதா டாக்டர்?" என்று பிளம்பர் கேட்டார்.

"ஆகலாம். அதுக்குத்தான் ஆறுற வரைக்கும் உள்ளே மெல்லிசா ஒரு குழாய் வைப்போம்."

"இவர் வேலை விஷயமா கேட்கலை, பயத்துல கேட்கிறார்" என்றாள் அவள். "வேலை செய்யறதை எதுக்கு வெட்டணும்? தைச்சுடுங்க."

வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்துச் செய்தார்கள். தவறிய குழாய் வீங்கித் தடித்திருந்தது, நல்லது ஒல்லி. முனையோடு முனை பொருந்தாது. ஒல்லிக் குழாயின் பக்கவாட்டில் நீளவாக்கில் கீறி, தடித்ததன் முனையை அதில் பதித்து, கண்ணுக்குத் தெரியாத நூலால் டாக்டரம்மா நிதானமாகத் தைத்தார்.

மறுநாள் காலை தொட்டுப் பார்த்தவளுக்கு முகம் வெளிறியது. ஈரம். கணவர் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்.

"நறுக்கின குழாயோட அடித்துண்டைக் கீழே அப்படியே விட்டிருக்கோம், அதுல தேங்கினது வடியுதும்மா. புதுசா வர வழியே இல்ல. பொறுங்க."

"நீங்க சொன்னா சரி" என்றாள். ஆனால் அன்று முழுக்கப் பஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்கடுத்த நாள் ஈரம் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. வராந்தாவில் ஒரு நடை போய்த் திரும்பினாள். பஞ்சு வைத்தது வைத்தபடி காய்ந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, நர்ஸ் பயந்துபோகும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தாள்.

போனில் சேதி கேட்ட அம்மா, "உன்னை முழுசாப் பெத்தும் குழாய் வேலையில கோட்டை விட்டுட்டேனே" என்றாள்.

"அதுக்கென்னம்மா, ஒரு குழாய் கூடுதலாத்தானே குடுத்திருக்கே!"

உள்ளே வைத்த மெல்லிய குழாயை எடுத்த பிறகு பழையபடி வேலைக்குப் போனாள். அந்த மாதமே மகளையும் கணவரையும் ஏற்றிக்கொண்டு, துணி மாற்ற வழியில் எங்கும் நிறுத்தாமல் கடற்கரைக்கு ஓட்டினாள். ரெக்சின் விரிப்பு இல்லாமல் மணலில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கச் சொல்லி மகள் கையைப் பிடித்து இழுத்தபோது, "இருடி, அவசரமில்லை" என்றாள்.