கைகளைத் தூக்கி நின்றவர்

பிள்ளைகளா, தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி பூட்டியிருந்த மாதத்தில் இமயமலைக் கோயில், கோட்டை, புத்த மடமெல்லாம் பார்க்கப் போனேன் அல்லவா? மலையைவிட, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த ஏழாயிரம்பண்ணைக்காரர்தான் எனக்கு நினைவில் நிற்கிறார்.

ஐம்பது வயதிருக்கும். வெடிமருந்து கலக்கும் வேலை. நகக்கண்ணில் வெள்ளிப்பொடி போகாமல் நின்றது. எந்த வாசலுக்குப் போனாலும், தீப்பெட்டி இருக்கிறதா என்று சோதனை போடுவார்கள் என்பதுபோல இரண்டு கைகளையும் தூக்கிவிடுவார்.

“அண்ணாச்சி, இது கம்பெனி கேட் இல்ல. சாமி உங்க சட்டைப்பையைத் தடவிப் பாக்காது.”

“பழகிப்போச்சு தம்பி. கை தானாத் தூக்குது.”

எட்டாம் நாள், படியேறிக் களைத்து ஒரு மடத்துக்குள் நுழைந்தோம். இறந்தவர்களுக்காக விளக்கு ஏற்றலாம் என்றார் வழிகாட்டி. செத்துப்போன மகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்றுதான் அண்ணாச்சி அவ்வளவு தூரம் வந்திருந்தார். ஆனால் தீக்குச்சியைக் கையில் வாங்கவே இல்லை.

“ஏத்தலையா அண்ணாச்சி?”

“வெடி விபத்துல போன பிள்ளை தம்பி. அவளுக்குப் போயி நெருப்பையா காட்டச் சொல்லுதீக?”

வெறுங்கையோடு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மற்றவர்களும் போனபின் நான் மட்டும் நின்றேன். சந்நிதியில் புத்தருக்குப் படைத்த தண்ணீர்க் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. பிட்சுவிடம் சைகையில் கேட்டு, பேர் தெரியாத அந்தப் பிள்ளைக்காக ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.