சுப்ரா அங்கிளின் வாய்

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் வடை வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரின் சட்டையிலிருந்து தலைவலித் தைலமும் டீசலும் கலந்த ஒரு வாசனை வந்தது, சுப்ரா அங்கிளின் வாசனை. வடைச் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும்போது வேறொரு வாசனை மூக்கில் ஏறுவது சுலபமில்லை, இது ஏறிவிட்டது. அவர் திரும்பிவிடுவாரோ என்று ஒரு நொடி பயந்தேன். திரும்பினார். வேறு யாரோ. எனக்கு நிம்மதியாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை. இரண்டு வடை என்று சொல்ல வேண்டியவன் இருபது வெள்ளி நோட்டை நீட்டிக்கொண்டு சும்மா நின்றேன். கடைக்கார அக்கா "தம்பி, கனவு காணணும்னா வீட்டுக்குப் போய்க் காணுலா" என்றார்.

சுப்ரா அங்கிள் இருந்தால் அதைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்.

அப்போது நாங்கள் சுங்கை வேயில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் இருந்தோம். எங்கள் மாடியிலேயே கடைசி வீட்டில்தான் சுப்ரா அங்கிளும் இருந்தார், அம்மா வேலை செய்த தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் அவருடையது. நான் பல்கலைக்கழகம் முடித்துவிட்டு, நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்வந்துகொண்டு, இடைக்காலத்தில் அதே தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலேயே முதலில் படித்தவன் நான். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு அது பெரிதாக உதவவில்லை. காலையில் வேனில் ஏறும்போதே அங்கிள் ஆரம்பிப்பார்: "வாங்க பட்டதாரி சார். இன்னிக்கு எந்தப் பெட்டிக்குப் பட்டம் குடுக்கப் போறீங்க?"

அவர் வாயிலிருந்து யாரும் தப்பியதில்லை. தாமதமாக ஓடிவருகிற அக்காவிடம், "ஒரு புருவத்தைத்தான் கொண்டு வந்திருக்க, இன்னொன்னு வீட்லயே இருக்கா?" என்பார். எங்கள் லிஃப்ட்டைப் பற்றி, "அதுவும் அரசியல்வாதி மாதிரிதான், எலெக்‌ஷன் வந்தாதான் மேல போகும்" என்பார். கேலிக்கு ஆளானவர்தான் அதிகம் சிரிப்பார், அதுதான் ஆச்சரியம். விடியற்காலைத் தூக்கத்தோடு ஏறுகிற பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். அம்மா சொல்வார், "அந்த வேன்ல போறதுக்காகவே வேலைக்குப் போறேன்."

எங்கள் மாடியில் பக்கத்து வீடு தனம் ஆன்டி. அவரும் அதே வேன்தான். அவர் மகன் தினேஷ் வேலைக்குப் போய்ப் புது மோட்டோ பைக் வாங்கியிருந்தான். ஒரு காலை, வேன் நிறைந்து நிற்கும்போது, கார் நிறுத்துமிடத்தில் சர்ரென்று ஒரு வட்டம் அடித்துவிட்டு வெளியே பறந்தான். அங்கிள் சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்:

"டேய் தினேஷ்! இந்த ஸ்பீட்ல போனா உனக்கு முன்ன உன் படம்தான்டா மாலையோட வீட்டுக்கு வரும்!"

வேனே சிரித்தது. முதலில் சிரித்தது தனம் ஆன்டி. "நல்லா சொல்லுங்கண்ணே. நான் சொன்னா எங்க கேக்கறான்" என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. என் வாயிலிருந்து வந்ததும் அதில் இருந்தது.

அந்த வாரமே மழையில், ஃபெடரல் நெடுஞ்சாலையில், ஒரு லோரியின் பின்புறம் மோதித் தினேஷ் போய்விட்டான்.

கீழே கூடாரம் போட்டார்கள். மேசைமேல் அவன் படம். பள்ளிக்கூடப் படம், காதுகள் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். மாலை போட்டிருந்தார்கள். ஆட்களைச் சுடுகாட்டுக்கு ஏற்றிப்போக அங்கிள் வேனைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினார். தனம் ஆன்டி எழுந்து வந்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அண்ணே என்றுதான் சொன்னார்.

"உங்க வேன் வேணாண்ணே. உங்க வாய்தாண்ணே என் புள்ளைய கூட்டிட்டுப் போச்சு."

கூட்டத்தில் யாரோ மெதுவாக "கருநாக்கு" என்றார்கள். அன்றைக்கு எல்லோரும் வேறு வண்டிகளில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். காலி வேன் கடைசியில் தொடர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு அந்த வேனில் பேச்சில்லை. சிலர் வேறு வேனுக்கு மாறினார்கள். தனம் ஆன்டி பஸ்ஸில் போனார். மிச்சமிருந்தவர்கள் பின்வரிசைகளில் அடைந்துகொண்டார்கள். அங்கிள் வணக்கம்கூடச் சொல்வதில்லை. சொன்னால் அதற்கும் ஏதாவது அர்த்தம் வந்துவிடும் என்று பயந்தார்போல. அந்தப் புருவ அக்கா ஒருநாள் மறுபடியும் ஒரு புருவம் மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். அங்கிள் பார்த்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவர் கியரை மாற்றினார்.

நான் அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். மூடநம்பிக்கைக்கு எதிரான என் போராட்டம் அது. நேர்முகத் தேர்வு நாள் வந்தது. காலையில் அம்மா கதவை மறித்துக்கொண்டு, "பின்பக்கப் படியில இறங்கிப் போ. அந்த ஆளு எதிர்ல வந்துடப் போறாரு" என்றார்.

"அம்மா, இதெல்லாம் நம்பலாமா?"

"நீ படிச்சவன், நம்பாத. இண்டர்வியூ முடியட்டும், அப்பறம் நம்பாம இரு."

பின்பக்கப் படியில்தான் இறங்கினேன். வேலை கிடைத்தது. அதற்குக் காரணம் அந்தப் படிக்கட்டுதான் என்று அம்மா இன்றும் சொல்வார். என் சான்றிதழ்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

மனிதர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்படி ஒதுக்கி வைத்த அதே மாடிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த பிளாக்கிலிருந்து இரண்டு பேர் பீர் போத்தலோடு வந்தார்கள். "அங்கிள், சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க. நாலே நாலு நம்பர். அடிச்சா உங்களுக்கும் பங்கு." லாட்டரிக் குலுக்கலுக்கு நம்பர்! மரத்தடிச் சாமியிடமும் விபத்தான கார் நம்பர் பிளேட்டிடமும் கேட்பதுபோல் அவரிடம் கேட்டார்கள். அங்கிள் இரும்புக் கதவை மெதுவாகச் சாத்தினார். வேறொரு காலமாக இருந்தால் அந்த இருவரையும் கேலி செய்தே ஒரு மாதம் வேனை ஓட்டியிருப்பார்.

பிறகு கோகிலா விஷயம் வந்தது. கோகிலா தனம் ஆன்டியின் மூத்த மகள், கிள்ளானில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி. ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்றார்களாம்.

நான் புது வேலையில் சேர இன்னும் சில நாள் இருந்தது. வேன் கிளம்பும் நேரம். தனம் ஆன்டி தலைகூட வாராமல் வந்து அங்கிள் பக்கத்துச் சன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஒரு வார்த்தை. என் கோகிலா நல்லபடியா வந்துருவான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நடக்கும்."

அங்கிள் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கண்ணே. அன்னிக்குச் சொன்னீங்கல்ல?"

அங்கிள் என் பக்கம் திரும்பினார். மிகத் தணிந்த குரலில், "தம்பி, நான் சொல்லி நடக்கலேன்னா என்னைத் திட்டுவாங்க, பரவால்ல. நடந்துருச்சுன்னா?" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. வேன் நெடுஞ்சாலை ஏறிய பிறகுதான் விளங்கியது. இந்தச் சொல் பலித்தால், தினேஷைப் பற்றிச் சொன்னதும் அவர் வாயால்தான் பலித்தது என்று ஆகிவிடும். தினேஷை மழை கொல்லவில்லை, லோரி கொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரேகூட வேறு மாதிரி நம்ப முடியாது.

ஆனால் அதற்கு முன், சன்னலருகே தனம் ஆன்டி நிற்கும்போதே, அவர் இஞ்சினை அணைத்தார். கீழே இறங்கினார். சாமி முன்னால் நிற்பதுபோல் கைகூப்பிக்கொண்டு சொன்னார்: "தாயும் புள்ளையும் நல்லபடியா வீடு வந்து சேருவாங்க, தனம்."

வந்து சேர்ந்தார்கள். ஆண் குழந்தை. தனம் ஆன்டி லட்டு டப்பாவோடு வேனுக்கு வந்து முதல் லட்டை அங்கிளுக்குத்தான் கொடுத்தார். ஒரே குதூகலம். "பாத்தியா, சொன்னது அப்படியே பலிச்சிருச்சு!" "அண்ணே, என் மகளுக்கும் ஒரு மாப்ள அமையும்னு சொல்லுங்கண்ணே!" பின்வரிசையில் பதுங்கியவர்கள் எல்லாம் முன்னால் வந்துவிட்டார்கள். அங்கிள் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஓட்டினார். அது உதிர்ந்து கியர்மேல் விழுந்தது.

எல்லோரும் இறங்கிய பிறகு நான் சொன்னேன், "எல்லாம் தற்செயல், அங்கிள்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

நல்ல பையன், நம் மனம் நோகாமல் பேசுகிறான் என்று சிலரைப் பார்ப்போமே, அப்படி என்னைப் பார்த்தார்.

கொஞ்ச நாளில் வேனை விற்றுவிட்டு ஜெஞ்சாரோம் பக்கம் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே ஒரு பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், அவரைப் பார்த்ததாக அம்மா சொன்னார். "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாராம். பேசச் சொல்லி அம்மா வற்புறுத்தவில்லையாம். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இப்போது அந்த வேனின் இடத்தில் வேறு வேன். ஏறுகிறவர்கள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கப் போவேன். கோகிலா பிள்ளையோடு தாய்வீட்டுக்கே வந்துவிட்டாள். பையன் பள்ளிக்கூடம் போகிற வயது, கால் தரையில் நிற்காது. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவித்தான் இறங்குவான், கைப்பிடியைத் தொடமாட்டான்.

எந்த அடுக்குமாடியில் போய் நின்றாலும் அந்த நேரத்தில் ஒரு குரல் கேட்கும்: டேய், மெதுவா, விழுந்து தொலைக்கப் போற. எங்கள் மாடியில் கேட்காது. பையன் தாவ ஆரம்பித்ததும் தனம் ஆன்டி கதவுக்கு வெளியே வருவார். அம்மா வருவார். நான் இருந்தால் நானும் எழுந்து போவேன். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அந்தக் காலடிச் சத்தம் தரைக்குப் போய்ச் சேரும்வரை எல்லோரும் அப்படியே நிற்போம்.