இனிக்கும் கசிவு

கரமனைப் பாலத்தைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. துணிப் பொட்டலத்தைத் தலைமேல் வைத்துத் தம்பானூர் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தேன். குச்சி ஐஸ் பாக்டரியில் என் ஏழு மாத வேலை அன்று காலை முடிந்திருந்தது. வேலை போனது பெரிதில்லை. அதற்கு முன்னும் பல போயிருந்தன. நான் வெளியேறிய பிறகு அந்த ஐஸ் பெட்டிகள் பள்ளிக்கூட வாசல்களுக்குப் போயினவா என்பதுதான் தெரியவில்லை.

ஐஸ் அச்சுகள் ஒரு தொட்டியில் மூழ்கி நிற்கும். தொட்டி நீர் கடுங்குளிரிலும் உறையக் கூடாது; அதற்காக உப்புக் கரைத்திருப்போம். உப்பு தகரத்தை அரித்து அச்சில் ஓட்டை விழுந்தால் ஐஸ் கரிக்கும். அதனால் வரிசைக்கு ஒன்றை நக்கிப் பார்ப்பேன். கரிக்காவிட்டால் பெட்டிக்குப் போகும். எங்கள் பரிசோதனை அவ்வளவுதான்.

அச்சுகள் அடிக்கடி கெடுவதைப் பொறுக்காத முதலாளி, உப்பை நிறுத்திவிட்டு, அதற்குப் பதில் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தை ஒரு டிரம் கொச்சியிலிருந்து வரவழைத்தார். அதை இறக்கிய லாரி டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"குளிர் நாட்டில வண்டி ரேடியேட்டர்ல ஊத்துற சாதனம் இது. மொதலாளி போட்டிருக்க டெரிலின் சட்டைக்கும் இதுதான் சரக்கு, கேட்டா. பட்சே நாக்கில வச்சிராத அண்ணா. சர்க்கரை போல இனிக்கும், கிட்னியக் கொண்டு போகும். எங்க ஷெட்டில ஒரு நாய் நக்கிட்டு மூணாம் நாள் செத்துது."

நான் சிரித்தேன். நக்குவதுதான் என் வேலை என்பது அப்போது உறைக்கவில்லை.

சில வாரங்களில் தொட்டியின் மட்டம் இறங்கத் தொடங்கியது. தரையில் ஈரமில்லை. அப்படியானால் அது அச்சுக்குள்தான் போகிறது. ஐஸ் இனித்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? அத்தனை நாளும் நக்கிப் பார்த்துச் சரி என்று சொன்னவன் நான். முதலாளியிடம் போனேன்.

"நாக்கில வல்லதும் கரிச்சுதா? இல்லல்லோ. பின்னே எவிடடா லீக்கு? போய் ஜோலி பாருடா பாண்டி."

மறுநாள் முதல் ஆளாக வந்து, மூலையில் மிஞ்சிக் கிடந்த உப்பு மூட்டையைத் தொட்டியில் கொட்டிக் கலக்கினேன். அன்று எடுத்த ஐஸில் மூன்றாவது வரிசை கரித்தது. ஒன்றை முறித்து முதலாளியிடம் நீட்டினேன். வாயில் வைத்ததும் துப்பினார்.

"தொட்டியில ஆருடா உப்பு போட்டது?"

"நான்தான்."

"எறங்கிப் போடா."

வாசலில் பெட்டியோடு காத்திருந்த ஐஸ்காரர்களிடம் நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். அவர்களில் மூத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உப்பக் கொட்டுனதும் நீ, வெஷம்னு சொல்லுததும் நீ. கிறுக்கு பிடிச்சிட்டாடே?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரவு ரயில் நிலையத்தில் படுத்தேன். காலையில் யாரோ என் கால் விரலைப் பிடித்து ஆட்டினார்கள். அதே மூத்தவர்.

"எழும்புடே கிறுக்கா. நேத்து ஒருத்தனும் பெட்டியத் தூக்கல்ல. மொதலாளி தொட்டியக் காலி பண்ணுதாரு. கழுவ ஆள் வேணும், வாறியா?"

"என்னைய உள்ள விடுவாரா?"

"அந்தத் தண்ணிய வேற எவன்டே தொடுவான்?"

பசித்தது. போனேன். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் வாளியைக் காட்டினார். தொட்டியில் இருந்ததை டிரம்மில் அள்ளி ஊற்றிவிட்டு, மூன்றாவது வரிசை அச்சுகளை ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். இரண்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது.