மூன்று வாரம் தூங்கும் ஊசி

என் வேலை என்னவென்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது கேட்டால், உருண்டை பிடிக்கிறேன் என்பேன். பொய்யில்லை. உடம்புக்குள் தானாகக் கரையும் ஒருவகைப் பிளாஸ்டிக்கையும் மருந்தையும் ஒரு திரவத்தில் சேர்த்துக் கலக்கி, வேகமாகச் சுழலும் தண்ணீரில் விட்டால் பொடிப்பொடித் துளிகளாகச் சிதறி இறுகிக்கொள்ளும். தேயிலை டஸ்ட் தூள்கூட அதன் பக்கத்தில் பாறாங்கல்தான். அந்த உருண்டைகளை ஊசியில் ஏற்றிச் சதைக்குள் போட்டுவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வாரக்கணக்கில் மருந்தை விட்டுக்கொண்டிருக்கும். கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் இதைத்தான் செய்கிறேன். "இதுக்கா இத்தனை வருசம் படிச்சே?" என்பாள் அக்கா.

அக்காவுக்கு நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பும்வரை கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் எது பசி அழுகை, எது பொய் அழுகை என்று சொல்லிவிடுவாள்.

அவளுக்கு ஒரு நோயும் உண்டு. யாரும் பேசாதபோது குரல்கள் கேட்கும். தினமும் மருந்துக் குளிசை விழுங்கினால் ஒன்றுமில்லை. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நிறுத்தினால் குரல்கள் திரும்பிவிடும். மூன்று வருடத்துக்கு முன் அப்படி நிறுத்தியபோது, பிள்ளைகளைத் தூக்கிப்போக ஆள் வருகிறது என்று ஒரு குரல் சொல்ல, காம்பராவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு தாய்மாரையே விடவில்லை. பிள்ளைகள் மேல் ஒரு கீறல் இல்லை. பால்கூடக் காய்ச்சிக் கொடுத்திருந்தாள். ஆனாலும் இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று தோட்ட ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அந்த வேலையும் பிள்ளைகளும் போய்விட்டால் அக்கா என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயம்.

அதனால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் புது ஊசிக்கு மாற்றலாம் என்று டொக்டர் சொன்னபோது துள்ளிக் குதித்தேன். நான் ஆராயும் அதே ரகம்! போனிலேயே அக்காவுக்கு வகுப்பெடுத்தேன். "ஒரே ஒரு குத்துக்கா. குளுசைக்கு டாட்டா காட்டிரு" என்றேன். பெருமை வந்தால் எனக்கு வாய் நிற்காது.

ஊசி போட்டுப் பத்தாம் நாள் காலை அக்கா கூப்பிட்டாள். நான் அப்போது திரையில் ஒரு கோட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். இந்த ரக ஊசியில் மருந்து வெளிவருவதைக் காட்டும் கோடு முதல் மூன்று வாரம் தரையில் படுத்தே கிடக்கும். உருண்டைக்குள் தண்ணீர் ஊறி, அது உடையத் தொடங்க அவ்வளவு நாள் பிடிக்கும். அந்தச் சோம்பலைக் குறைக்க உருண்டையை எப்படி மாற்றுவது என்பதுதான் என் ஆராய்ச்சியே.

"ஊசி நல்லாத்தான்டா இருக்கு. குளுசையெல்லாம் அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன்" என்றாள். "ஆனா பக்கத்து லயத்து வீட்டுல எந்நேரமும் ரேடியோ போடுறாங்க. எம்பேரைச் சொல்ற மாதிரியே இருக்கு."

அது ரேடியோ இல்லை, குரல்கள்; திரையில் படுத்துக் கிடந்த கோடுதான் அக்காவின் உடம்புக்குள்ளும் என்று அப்போதுதான் உறைத்தது. உடனே கிளினிக்குக்குப் பேசினேன். மிஸ்ஸி, அதாவது அங்கிருந்த சிங்களத் தாதி, எடுத்ததும் வெடித்தார். "மூணு கிழமைக்கு குளிசை நிப்பாட்ட வேணாம்னு ரெண்டு தரம் சொன்னேன் தானே! அக்கா சொல்றாங்க, தம்பிதான் இந்த ஊசி செய்றது, தம்பிக்கு எல்லாம் தெரியும்னு!" பிறகு டொக்டரிடம் கேட்டுவிட்டு, குளிசையை இன்றே மறுபடி தொடங்க வேண்டும், வழியில் வந்து வாங்கிக்கொண்டு போ என்றார்.

ஓடிப்போய் பஸ் ஏறினேன். கினிகத்தேனையில் டிரைவர் இறங்கி, சாவகாசமாக இரண்டு ரோல்ஸ் தின்று, பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தார். பாவம், நல்ல மனிதர். அன்றைக்கு அவரைக் கடித்துத் துப்பியிருப்பேன்.

சாயங்காலம் காம்பராவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அக்கா, தன்னோடு வேலை செய்யும் பெண்ணுடன் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். கொடுத்த குளிசையை மறுபேச்சில்லாமல் விழுங்கினாள்.

"மிஸ்ஸி சொன்னாங்கல்ல? ஏன்க்கா கேக்கல?"

"அவங்க குத்துறவங்க. நீ செய்றவன். நான் யாரை நம்புறது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. "நான்தான் தப்பா சொல்லிட்டேன். இன்னும் பதினொரு நாளைக்கு ஊசி தூங்கும்க்கா. அது வரைக்கும் குளுசைதான். பேசாம லீவு போட்டுரு. காய்ச்சல்னு சொல்லிக்கலாம்."

"போன தடவையும் யாருக்கும் சொல்லாமத்தான்டா இருந்தேன்" என்றாள்.

தாய்மார் வந்து கூடியதும் அக்கா வாசலில் போய் நின்றாள். "எனக்கு மறுபடி சத்தம் கேக்க ஆரம்பிச்சிருக்கு. மருந்து எடுத்துட்டேன். சாவி இனிமே இவகிட்டதான் இருக்கும்" என்று கூட இருந்தவளிடம் நீட்டினாள். "புள்ளைங்களோட நான் தனியா இருக்க மாட்டேன். பயமா இருந்தா கொண்டுவராதீங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போன பெண்தான், புதுசாகப் பெற்ற பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு முதலில் நடந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். என் படிப்பின் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை அக்காவோடு நானும் போனேன். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு தொடங்கும் நேரம் நெருங்கியும் தொட்டில்கள் காலியாகவே கிடந்தன. அக்கா கழுவிய போத்தல்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. அதே பெண். சாவி வைத்திருந்தவள் பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். வந்தவள் அவளைத் தாண்டி உள்ளே போய், பிள்ளையை அக்காவின் ஈரக் கையிலேயே கொடுத்தாள்.

"ராத்திரி பூரா தூங்கலக்கா. உங்க தோள்ல போட்டாத்தான் தூங்குவான்" என்று சொல்லிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டாள்.