எங்கே நோகிறது என்று கேட்ட பயிற்சியாளர்

மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, நாங்கள் வந்து குடியேறிய பார்க்கிங் என்ற ஊரில் ஒரு ஜூடோ வகுப்பில் சேர்த்தேன். சனிக்கிழமை காலைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடக்கும் வகுப்பு. பயிற்சியாளர் யப்பான்காரர் என்பதுதான் நான் அதைத் தேர்ந்த ஒரே காரணம். அவர்கள் பிள்ளைகளைப் பிழிந்தெடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டில் சோபாவில் சுருண்டு கிடந்து போன் பார்க்கிறவளுக்கு அதுதான் மருந்து என்று நினைத்தேன். நானும் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு வலைப்பந்து ஆடியவள். பந்தைத் தவறவிட்டால் ரீச்சர் வெயிலில் முழங்காலில் நிற்க வைப்பா. அதனால்தான் நான் ஒரு மனுசியானேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிவேன்.

முதல் நாள், எங்கள் ஊரில் பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைக்கும்போது சொல்கிற வசனத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னேன். கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், மற்ற இடமெல்லாம் அடிக்கலாம். உண்மையில் அடிக்கச் சொல்வதில்லை, இனி உங்கள் பொறுப்பு என்று மரியாதைக்குச் சொல்வது. அது அவருக்கு எப்படித் தெரியும்? வலது காதை என் பக்கம் திருப்பி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் முகம் வெளிறிப் போனது.

"இடது காது கேட்காது. பள்ளியில் என் பயிற்சியாளர் அறைந்தது. என் அம்மா அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்," என்றார்.

மகள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி தொடங்கும் முன் அவரும் பிள்ளைகளோடு மண்டியிட்டுப் பாய்களைத் துடைப்பார். பிறகு எல்லோரையும் வட்டமாக இருத்தி, ஒவ்வொருவரிடமும் எங்கே நோகிறது என்று கேட்பார். நோகிறது என்று சொன்ன பிள்ளை அன்று ஓரமாக இருந்து பார்க்கலாம். ஏச்சில்லை, நக்கலில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதற்கா ஒரு யப்பான்காரரைத் தேடிப் பிடித்தேன்?

போட்டி நெருங்கிய ஒரு சனிக்கிழமை, காரில் மகள் சொன்னாள்:

"அம்மா, முழங்கால் நோகுது."

"எனக்கு நோகாத நோவே? அவர் கேட்டால் ஒண்டும் இல்லையெண்டு சொல்லு. இல்லாட்டி போட்டிக்கு விடமாட்டார்."

"ஓம்," என்றாள்.

நான்கு சனிக்கிழமைகள் அந்த வட்டத்தில் இருந்து ஒன்றும் இல்லை என்றாள். சுவரோர வாங்கில் உட்கார்ந்து கேட்ட எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. நான்காவது சனிக்கிழமை அவள் ஒருத்தியைத் தூக்கி எறியத் திரும்பியபோது கால் மடங்கி விழுந்தாள். அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏற்கனவே பாதி கிழிந்திருந்த தசைநார் முழுதாக அறுந்துவிட்டது, இது பல கிழமையாக இருந்த நோவு என்றார் டொக்டர். சத்திரசிகிச்சை செய்தார்கள்.

பயிற்சியாளர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே நின்று, அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார்.

"நான் உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்," என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று அப்போது என் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் குனிந்தது குனிந்தபடியே நின்றார்.

இப்போது நடக்கிறாள். ஜூடோ இனி ஏலாது. சனிக்கிழமைகளில் பாய் துடைக்க மட்டும் தனியே போகிறாள். வட்டத்திலும் போய் இருப்பாள். அவர் கேட்கும்போது முழங்கால் என்று சொல்வாளாம், சில நாள் வேறு ஏதேதோ கனக்கச் சொல்வாளாம். அவளுடைய சிநேகிதி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நேற்றுப் பின்னேரம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறினாள். நான் கீழே நின்று கேட்டேன்.

"எங்க பிள்ளை நோகுது?"

"ஒண்டும் இல்லை, அம்மா," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.