உள்ளே: இரண்டு பேர்

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் பேய்க் கதை சொன்னால் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் அலுவலகத்தில் கார்டைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். யார் உள்ளே, யார் வெளியே என்பதெல்லாம் ஒரு டேட்டாபேஸில் பதிவாகும். அதற்குப் புது வெர்ஷன் வந்தது. தகவலைச் சேமிக்கும் முறையையே மாற்றியிருந்தார்கள். எல்லாவற்றையும் புதிதாக நகலெடுத்தால் ஒரு நாள் முழுக்க ஆகும். பழையது பத்திரமாக இருக்கும். இருந்த இடத்திலேயே மாற்றினால் அரை மணி நேரம்தான். ஆனால் திரும்பிப் போக வழியில்லை. இன்னொன்றும் உண்டு. அழித்த பெயர் உடனே அழியாது, செத்தது என்று குறி மட்டும் விழும். நகலெடுத்தால் செத்ததெல்லாம் பழையதிலேயே தங்கிவிடும். இருந்த இடத்திலேயே மாற்றினால் கூடவே வரும்.

எனக்கு முன்பிருந்த இன்சார்ஜை 'நிதானம் சார்' என்போம். "அவசரப்படாதப்பா, நகலெடு" என்பார் எப்போதும். போன வருடம் இறந்துவிட்டார். அவர் கார்டை டேட்டாபேஸிலிருந்து அழித்தவன் நான்தான்.

திங்கட்கிழமை கதவு திறக்காவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அரை மணி நேர வழியையே பிடித்தேன்.

முடிந்தது. திரையைப் பார்த்தேன்.

உள்ளே: 2.

கட்டடத்தில் இருந்தது நான் ஒருவன்தான்.

மச்சான் மேல் சந்தேகம் வந்தது. மனைவியின் தம்பி, அதே அலுவலகம், சரியான குசும்புக்காரன். போன் போட்டேன்.

"டேய், விளையாடாத. எங்க ஒளிஞ்சிருக்க?"

"அக்கா பக்கத்துல உக்காந்து சாப்பிடறேன் மாமா. என்னாச்சு?"

அவள் சிரிப்பும் கேட்டது. அப்போதும் நான் நம்பவில்லை.

பீப்...

மூன்றாம் மாடிக் கதவு. திரையில் நிதானம் சார் பெயர்.

மென்பொருள் கோளாறு என்று சொல்லிக்கொண்டேன்.

பீப்... இரண்டாம் மாடி. என் மாடி.

பீப்...

என் அறைக் கதவு திறந்தது. யாருமில்லை.

ஓடினேன். வாசலில் கார்டைத் தேய்த்தேன். திறந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை எல்லோருக்கும் கதவு திறந்தது. எனக்கு மட்டும் திறக்கவில்லை. 'நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்' என்றது.

மச்சான் உள்ளே போய்ப் பதிவைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை வெளியேறியது ஒரே கார்டு. நிதானம் சாருடையது.

கார்டுகள் மாறிப்போயிருக்கும் என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து நான் வாசலை விட்டு நகரவே இல்ல சார். ஒரே ஒரு பெரியவர்தான் வெளிய வந்தாரு. 'அவசரப்பட்டுட்டான்'னு முனகிக்கிட்டே போனாரு..."

மேஜையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"நீங்க எப்ப சார் வெளிய வந்தீங்க?"